பிளேடு, கோந்து, லேயர்

நெகட்டிவ் டச்சிங் செய்து பிழைத்தவன் நான். கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் பென்சிலும் பிளேடும் பிடிக்கக் கற்றுக்கொண்டு, பிற்பாடு அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்து ஓய்ந்தவன். இன்றைக்குப் பிள்ளைகள் போனில் காட்டும் படங்களில் பாதி எலுமிச்சம்பழம் நீச்சல்குளமாக இருக்கிறது, இஸ்திரிப்பெட்டி கப்பலாகிக் கடலில் போகிறது. "போட்டோஷாப் வந்ததுக்கப்புறம்தானே தாத்தா இதெல்லாம்?" என்று கேட்கிறார்கள். போட்டோஷாப் கடைக்கு வந்தது 1990ல். படத்தோடு படம் சேர்க்கும் தொழில் அதற்கு 130 வருஷம் மூத்தது. இன்னொன்றையும் நான் அவர்களுக்குச் சொல்வதுண்டு. பெரிய கலைஞர்கள் கண்டுபிடித்து, பிறகு கடைத்தெருவுக்கு இறங்கி வந்த வித்தை அல்ல இது. கடையில் பிழைப்புக்காகச் செய்ததுதான் கண்காட்சிக்கு ஏறியது.

முதலில் இது வித்தையாகக்கூட இல்லை, வழியில்லாமல் செய்த வேலை. 1850களில் நெகட்டிவ் என்றால் கண்ணாடித் தகடு. அதன் மேல் கொலோடியன் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அந்தப் பூச்சு நீல வெளிச்சத்தை மட்டும் அள்ளிக் குடிக்கும். கடலுக்குச் சரியாக எக்ஸ்போஷர் கொடுத்தால் வானம் வெள்ளைத்தாளாகிவிடும், வானத்துக்குக் கொடுத்தால் கடல் கருத்துவிடும். பாரீஸ்காரர் குஸ்தாவ் லெ கிரே, 1856, 57 வாக்கில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டார். ஒட்டு போட அதைவிட நல்ல இடம் கிடையாது. இயற்கையே அங்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. அவருடைய வெவ்வேறு கடல்களின் மேல் ஒரே மேகம் நிற்பதை இன்று அருங்காட்சியகப் பிரதிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் உல்வர்ஹாம்ப்டன் ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஆஸ்கர் ரெய்லாண்டர் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார். பிறப்பால் ஸ்வீடன்காரர், ஓவியம் வரைந்துகொண்டிருந்து போட்டோவுக்கு மாறியவர். 1857ல் மான்செஸ்டர் கலைக் கண்காட்சிக்கு அவர் கொடுத்த படத்துக்கு 'வாழ்வின் இரு வழிகள்' என்று பெயர். ஒரு முதியவர் இரண்டு இளைஞர்களை நடுவில் நிறுத்துகிறார். ஒருவன் உழைப்பும் பக்தியும் உள்ள பக்கம் திரும்புகிறான், மற்றவன் சூதும் சுகமும் உள்ள பக்கம். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் நிறுத்தி எடுக்க அன்றைய லென்சும் இடம் கொடுக்காது, வெளிச்சமும் போதாது. அதனால் ஆட்களைத் தனித்தனியாக, சிறு சிறு கூட்டமாக எடுத்து, முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகத் தாளின் மேல் வைத்து, மற்ற இடத்தைக் கறுப்பு வெல்வெட்டால் மூடி, வெயிலில் காட்டிக் காட்டிப் பதித்தார். முழுப் படத்துக்கு ஆறு வாரம் ஆனது. அந்த அகலத்துக்குத் தாள் கிடைக்காமல் இரண்டு தாள்களைச் சேர்த்திருக்கிறார். விக்டோரியா மகாராணி ஒரு பிரதி வாங்கிக் கணவர் ஆல்பர்ட்டுக்குக் கொடுத்தார். ஸ்காட்லாந்தில் காட்சிக்கு வைத்தபோது, ஆடையில்லாத பெண்கள் இருக்கிறார்கள் என்று சுகத்தின் பக்கத்தைத் திரைபோட்டு மூடினார்கள்.

அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் என்ற இன்னொரு போட்டோக்காரர் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, காசநோயில் சாகும் ஒரு பெண்ணையும் சுற்றி நிற்கும் குடும்பத்தையும் காட்டினார். துக்கத்தைப் படமெடுக்கலாமா என்று ஊரே திட்டியது. இத்தனைக்கும் அந்தப் பெண் நல்ல ஆரோக்கியத்தோடு நடித்துக்கொடுத்தவள். சேர்த்த படம் பொய் என்று தெரிந்தும் ஜனங்கள் அதற்காக அழுதார்கள், கோபப்பட்டார்கள். பொய் என்று தெரிந்தாலும் படம் மனசைத் தொடும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

சாவும் ஒட்டுப்படமும் சேர்ந்த கதை அமெரிக்காவில் கோர்ட்டு வரை போனது. பாஸ்டனில் வில்லியம் மம்லர் என்பவர் 1860களில், உட்கார்ந்திருப்பவரின் பின்னால் இறந்துபோன உறவினரின் ஆவி தெரிவதாகப் படம் எடுத்து விற்றார். 1869ல் நியூயார்க்கில் மோசடி வழக்கு. சர்க்கஸ் புகழ் பி. டி. பார்னம் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார், லிங்கனின் ஆவியோடு தானே படம் எடுத்துக்கொண்டு இது எவ்வளவு சுலபம் என்று காட்டினார். ஆனாலும் மம்லர் விடுதலையானார். பிறகு லிங்கனின் மனைவியே அவரிடம் வந்து படமெடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் அம்மாளின் தோளில் கை வைத்தபடி லிங்கன் மங்கலாக நிற்கிறார்.

எங்கள் கடைக்கும் இதே வேலைதான் வரும், ஆனால் ஏமாற்று இல்லாமல். கல்யாணம் முடிந்து குரூப் போட்டோவில் அப்பா இல்லை; அவர் போய்ச் சில வருஷம் ஆயிற்று. எங்கோ ஒரு மாநாட்டில் எடுத்த படத்தில் அவர் முகம் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். "இவரை அம்மா பக்கத்துல நிக்க வைச்சுக் குடுங்க தம்பி. கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்தா நல்லாருக்கும்" என்பார்கள். ஒட்டுதான் என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மாலை போட்டு மாட்டிய பிறகு யாரும் அதைப் பேசமாட்டார்கள்.

வேலை இப்படி நடக்கும். அப்பா முகத்தை குரூப்பில் உள்ள தலைகளின் அளவுக்கு என்லார்ஜ் பண்ணி, உடலுக்கு வேறு ஒருவரை நிறுத்தி எடுத்துப் பொருத்துவோம். புது பிளேடால் உருவத்தைச் சாய்வாக வெட்டி, பின்பக்க ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து வெங்காயச் சருகு மாதிரி ஆக்க வேண்டும். ஓரம் தடியாக இருந்தால் காப்பி எடுக்கும்போது அதுவே ஒரு மெல்லிய நிழல் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கோந்து போட்டு ஒட்டி, சந்தில் பிரஷ்ஷால் சாம்பல் நிறம் தொட்டு, இரண்டு பக்கமும் லைட் வைத்து மறுபடி படமெடுப்போம். அந்த நெகட்டிவை டச்சிங் மேஜையில் வைத்து, கூர் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக மீதியை மறைப்போம். வெளிச்சம் பட வேண்டாத இடத்தில் சிவப்புச் சாயம்.

இதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். வராதது வெளிச்சம்தான். குரூப்பில் எல்லார் முகத்திலும் இடப்பக்கம் வெளிச்சம், அப்பா முகத்தில் மட்டும் வலப்பக்கம் என்றால் ஒட்டு தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று பார்க்கிறவர் மனசு சொல்லிவிடும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் வெளிச்சம் சரியாகும், ஆனால் மார்பு வரை தெரியும் படமென்றால் சட்டைப் பை வலது மார்புக்குப் போய்விடும். தோளில் ஒரு துண்டு வரைந்து பையை மறைப்போம். வீட்டுக்காரர்களும், "அப்பா எப்பவும் துண்டோடதான் இருப்பாரு" என்று வாங்கிப் போவார்கள்.

இதே கத்தரிக்கோல் வேலை சிரிப்புக்கும் பயன்பட்டது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒட்டாவா என்ற சிறிய ஊரில் வில்லியம் மார்ட்டின் என்ற ஸ்டூடியோக்காரர், 1908 வாக்கில் தபால் அட்டைகள் அச்சிட்டார். குதிரை வண்டி கொள்ளாத அளவுக்கு ஒரே ஒரு மக்காச்சோளக் கதிர், வண்டியில் ஏற்றிப் போக வேண்டிய வெங்காயம், ஆளை விடப் பெரிய முயல். கதிரைக் கிட்டத்தில் எடுத்து, வண்டியைத் தூரத்தில் எடுத்து, ஒன்றை வெட்டி மற்றதில் வைத்து மறுபடி காப்பி எடுத்ததுதான். மழை பொய்த்தும் வெட்டுக்கிளி தின்றும் நொந்துபோன குடியானவர்கள், வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு 'எங்க ஊர் விளைச்சலைப் பார்' என்று இந்த அட்டைகளை அனுப்பினார்கள். சர்ரியலிசம் என்ற இயக்கம் பாரீஸில் அறிக்கை வெளியிட்டது 1924ல். கான்சாஸில் வெங்காயம் அதற்கு முன்பே வண்டி ஏறிவிட்டது.

ஓவியர்கள் கடையைப் பார்த்துக் கற்றதற்கு அவர்கள் வாயாலேயே சாட்சி உண்டு. 1918 கோடையில் பெர்லின் ஓவியர்கள் ஹன்னா ஹோக்கும் ரவூல் ஹௌஸ்மானும் பால்டிக் கடலோரத்துக்கு ஓய்வுக்குப் போனார்கள். அங்கே வீடுகளின் சுவரில் பட்டாளத்துப் படங்கள் தொங்கின. அச்சிட்ட ஒரே சிப்பாய் உடல். கழுத்துக்கு மேலே மட்டும் அந்தந்த வீட்டு மகனின் போட்டோ முகம் ஒட்டியது. பொருட்காட்சியில் நாம் ஓட்டையில் தலையை விட்டு நிற்போமே, அந்த ரகம். இதைப் பார்த்துத்தான் போட்டோக்களை வெட்டிச் சேர்க்கும் எண்ணம் பிறந்தது என்று பிற்காலத்தில் இருவரும் சொன்னார்கள். ஹோக் அப்போது பெர்லினின் பெரிய பதிப்பகமான உல்ஸ்டைனில் பெண்கள் பத்திரிகைகளுக்குத் தையல், பூவேலை மாதிரிகள் வரைந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். தாதா என்ற கலை இயக்கம் 1920ல் பெர்லினில் நடத்திய கண்காட்சியில் அவர் வைத்த பெரிய ஒட்டுப்படத்தின் தலைப்பில் ஒரு சமையலறைக் கத்தி வருகிறது. படம் நிறையச் சக்கரங்கள், பேரிங்குகள், தலைவர்களின் தலைகள். ஒட்டை அவர் மறைக்கவே இல்லை, வெட்டின ஓரம் வெட்டின மாதிரியே நிற்கும். எங்கள் முதலாளி பார்த்திருந்தால் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜான் ஹார்ட்ஃபீல்டு ஸ்டூடியோக்காரன் ஜாதி. ஒட்டு தெரியக் கூடாது, தெரிந்தால் சாட்டையடி விழாது என்பது அவர் கட்சி. ஹிட்லர் வந்ததும் பிராகுக்குத் தப்பிப்போய், அங்கிருந்து வந்த ஏ.ஐ.இசட் என்ற தொழிலாளர் பத்திரிகைக்கு 1935 டிசம்பரில் ஒரு படம் செய்தார். இரும்புதான் நாட்டைப் பலமாக்கும், வெண்ணெய் உடம்பைக் கொழுக்கத்தான் வைக்கும் என்று ஹிட்லரின் அமைச்சர் ஹெர்மன் கோரிங் பேசியிருந்தார். ஹார்ட்ஃபீல்டு ஒரு குடும்பத்தைச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார். சைக்கிள் பாகத்தைப் பல்லில் கடிக்கிறார்கள், தள்ளுவண்டிக் குழந்தை கோடாலியைச் சப்புகிறது, நாய் ஒரு பெரிய போல்ட்டையும் நட்டையும் நக்குகிறது. சுவர்க் காகிதம் முழுக்க ஸ்வஸ்திகா. 'ஹுர்ரா, வெண்ணெய் தீர்ந்தது' என்பது தலைப்பு. சைக்கிள், கோடாலி, மேஜை, நாய் என்று எல்லாமே தினம் பார்க்கிற சாமான்கள்தான். இடம் மாறி உட்கார்ந்ததும் ஒரு அரசாங்கத்தின் வயிற்றைக் கிழித்துக் காட்டின.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் கிரேத்தே ஸ்டெர்ன். 1904ல் ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண். பெர்லினில் தோழி எல்லன் அவர்பாக்குடன் 'ரிங்கல் + பிட்' என்ற பெயரில் விளம்பர ஸ்டூடியோ நடத்தினார். தலைத் தைலம் ஒன்றுக்கு அவர்கள் எடுத்த படத்தில் சிரிப்பது துணிக்கடைப் பொம்மை, பாட்டிலைப் பிடித்திருப்பது நிஜக் கை. 1933ல் லண்டனுக்குத் தப்பி, சில ஆண்டுகளில் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே 1948ல் 'இதிலியோ' என்ற பெண்கள் வாரப் பத்திரிகை தொடங்கியது. காதல் படக்கதைகளுக்கு நடுவே, 'உளப்பகுப்பாய்வு உங்களுக்கு உதவும்' என்றொரு பகுதி. வாசகிகள் தாங்கள் கண்ட கனவை எழுதி அனுப்பலாம். ரிச்சர்ட் ரெஸ்ட் என்ற புனைபெயரில் பதில் வரும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் ஜீனோ ஜெர்மானி, பிற்காலத்தில் அந்நாட்டுச் சமூகவியலின் தந்தையாகக் கொண்டாடப்பட்டவர். கனவுக்குப் படம் செய்வது ஸ்டெர்னின் வேலை. 1951 வரை சுமார் 140 படங்கள் செய்தார். மகளையும் தெரிந்தவர்களையும் நிற்க வைத்து எடுத்து, கையிருப்பில் இருந்த நெகட்டிவ்களிலிருந்து வானமும் கடலும் எடுத்து, வெட்டி ஒட்டி, மறுபடி காப்பி. எங்கள் பின்னறை வேலையேதான்.

அவற்றில் ஒரு படத்தைப் பாருங்கள். ஒரு மேஜை விளக்கு. மேலே சாதாரணத் துணிக்கூண்டு. கூண்டைத் தாங்கும் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண் குறுகி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்திலிருந்து கோட்டுக் கை ஒன்று அவளை விடப் பெரியதாக வந்து சுவிட்சைத் தொடப் போகிறது. தலைப்பு, 'வீட்டு உபயோக மின்சாதனங்கள்'. அர்ஜென்டினாவில் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த சட்டம் 1947ல் வந்தது, அவர்கள் முதலில் ஓட்டுப் போட்டது 1951ல். அந்த இடைவெளியில் வாராவாரம் கடையில் தொங்கிய பத்திரிகையில் இந்தப் படம். பத்திரிகைக்காரர் கனவுக்கு விளக்கம் எழுதினார். ஸ்டெர்ன் அந்தக் கையின் அளவைப் பெரிதாக்கியதில் விளக்கத்துக்கு மேலேயே சொல்லிவிட்டார். ஒரு தொழில்காரனாக நான் கவனிப்பது, கூண்டிலிருந்து இறங்கும் வெளிச்சத்தோடு அவள் உடம்பின் நிழல் ஒத்துப்போகிறது என்பதை. அதனால்தான் அது கிறுக்கலாக இல்லாமல் விளக்காக நிற்கிறது.

கோந்தே இல்லாமல் செய்தவர் ஜெர்ரி யூல்ஸ்மன். 1960லிருந்து அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டு, டார்க் ரூமில் என்லார்ஜர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். முதலாவதில் மரம், அடுத்ததில் தண்ணீர், அடுத்ததில் வீடு. ஒரே ப்ரோமைடு தாளை என்லார்ஜர் விட்டு என்லார்ஜராக நகர்த்தி, வேண்டாத இடத்தைக் கையாலோ அட்டையாலோ மறைப்பார். கையை அசைத்துக்கொண்டே இருப்பதால் ஓரம் தானாகக் கரைந்துவிடும். அப்படித்தான் வேரோடு மரம் நீருக்கு மேல் அந்தரத்தில் நின்றது, படிப்பறையின் கூரை மேகமானது. 1967ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் 2022ல் சாகும்வரை அவர் டார்க் ரூம்காரராகவே இருந்தார். அவர் மனைவியாக இருந்த மேகி டெய்லர் மட்டும் பழைய போட்டோ, பொம்மை, பூச்சி என்று கைக்குக் கிடைத்ததை ஸ்கேனரில் வைத்து போட்டோஷாப்பில் சேர்த்தார்.

அந்த போட்டோஷாப்பின் பிறப்பிடமும் ஒரு டார்க் ரூம்தான். அமெரிக்காவின் மிச்சிகனில் பேராசிரியர் கிளென் நோல் தன் வீட்டு நிலவறையில் டார்க் ரூம் வைத்திருந்தார். அங்கே பிரிண்ட் போடக் கற்ற மகன் தாமஸ் நோல், 1987ல் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது, கறுப்பு வெள்ளைப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் காட்ட ஒரு சின்ன நிரல் எழுதினார். சினிமாவில் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பி ஜான் நோல் கூடச் சேர்ந்தார். அடோபி நிறுவனம் உரிமம் பெற்று 1990 பிப்ரவரியில் விற்பனைக்கு விட்டது. வெளிச்சத்தைக் குறைக்கும் கருவிக்குக் குச்சி முனையில் அட்டை, கூட்டும் கருவிக்குக் குவித்த கை என்று இன்றும் இருக்கும் சின்னங்கள் டார்க் ரூமில் நாங்கள் செய்த சைகைகள். படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் வந்தது 1994ல், மூன்றாம் பதிப்பில். மாஸ்க் என்பது ரெய்லாண்டரின் வெல்வெட்டு, எங்கள் சிவப்புச் சாயம். மென்பொருள் திறக்கும்போது ஓடும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்து எங்கள் டி.டி.பி. கடைப் பையன்கள் துள்ளிக் குதித்தது நினைவிருக்கிறது.

பிறகு எங்கள் ஊரிலும் வெள்ளம் வந்தது. கரிஷ்மா ஆல்பம் வந்தது, பி.எஸ்.டி. என்ற போட்டோஷாப் கோப்பு டிசைன்கள் சிடி சிடியாக விற்றன. மாப்பிள்ளையும் பெண்ணும் டீ கப்புக்குள் உட்கார்ந்தார்கள், கண்ணாடிக் கோப்பைக்குள் நின்றார்கள், ரோஜா இதழில் சாய்ந்தார்கள். ஸ்டெர்ன் 1950ல் ஒரு பெண்ணைப் பாட்டிலுக்குள் அடைத்துக் கடற்கரையில் ஒதுக்கியபோது அது பயமாக இருந்தது. டிசைனர் தம்பி கோப்பைக்குள் மணமக்களை இறக்கியபோது ஜோராக இருந்தது. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். தெருமுனை பிளெக்ஸில் சிங்கத்தின் மேல் கைபோட்டு நிற்கும் அண்ணனையும் இதே கணக்கில் சேர்க்கலாம். சிங்கத்தின் நிழல் ஒரு பக்கம், அண்ணனின் நிழல் வேறு பக்கம் என்பதுதான் என் வருத்தம்.

ஒரு வழிப்போக்கன் சாலையைக் கம்பளம் மாதிரி இழுத்துப் போகும் படத்தால் பெயர் பெற்ற ஸ்வீடன்காரர் எரிக் ஜோஹான்சன் சொல்லும் விதிகள் மூன்று: எல்லாத் துண்டிலும் பார்வைக் கோணம் ஒன்றாக இருக்கட்டும், வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கட்டும், ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடம் தெரியாமல் இருக்கட்டும். துண்டு வரைந்து சட்டைப் பையை மறைத்த எங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் ஜோஹான்சனுக்கும் யூல்ஸ்மனுக்கும் புத்தகம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. நம் ஸ்டூடியோக்களின் ஒட்டுப்படங்களுக்கு எதுவும் இல்லை. டிஜிட்டல் வந்து கடைகள் மூடியபோது, பெட்டி பெட்டியாக நெகட்டிவ்களை வெள்ளி எடுப்பவர்கள் எடைக்கு வாங்கிப் போனதை நான் பார்த்தேன். கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கழுவி, கண்ணாடியாக விற்றவர்களும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் போய் டிஜிட்டலில் சேமித்திருக்கிறது. நல்ல காரியம். அது போதாது. உங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து நிற்கும் படம் இருந்தால், அது ஒட்டுப்படமா என்று பெரியவர்களைக் கேளுங்கள். ஒட்டுதான் என்றால் போலி என்று கழற்றி எறியாதீர்கள். யார் முகம் எந்தப் படத்திலிருந்து வந்தது, எந்தக் கடையில் செய்தது என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.